கையால் இயக்கினால் ஓடும் ஸ்கிரிப்ட், கணினி தொடங்கும்போது ஏன் ஓடுவதில்லை?

அச்சுக்கூடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அச்சகத்தில் தட்டச்சு வேலைக்காக வைத்திருக்கும் மேசைக் கணினியில் லினக்ஸ் மின்ட் 21, சின்னமன் பதிப்பு இயங்குகிறது. காலையில் கணினியைப் போட்டவுடன் மூன்று வேலைகள் தானாக நடக்க வேண்டும் என்பதற்காக ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (பாஷ் என்ற ஷெல், அதாவது கட்டளைகளை இயக்கும் நிரல், வரிசையாக ஓட்டும் கட்டளைக் கோப்பு) எழுதி வைத்திருக்கிறேன். முதலாவதாக, அது தமிழ்99 விசைப்பலகைக்காக ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலைத் தொடக்குகிறது. இரண்டாவதாக, வேலைகள் இருக்கும் அடைவை உள்ளறையிலுள்ள மற்றொரு கணினிக்கு எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி கொண்டு நகலெடுக்கிறது. மூன்றாவதாக, ஸ்கேனர் கொண்டுவந்து போடும் பிடிஎஃப் கோப்புகளைத் தேதி வாரியாகப் பிரித்து வைக்கிறது. இதற்கு பிப் என்ற பைதான் நிறுவியின் மூலம் என் கணக்கில் நிறுவிய ஒரு சிறிய கருவியைப் பயன்படுத்துகிறேன்.

டெர்மினலில் இயக்கினால் மூன்றும் பிழையின்றி நடக்கின்றன. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் சேவையின் பட்டியலான கிரான்டேபில் "ரீபூட்" என்ற குறியுடன் ஒரு வரி சேர்த்து மறுதொடக்கம் செய்தால் எதுவும் நடப்பதில்லை. திரையில் பிழைச் செய்தியும் வருவதில்லை. ஸ்கிரிப்டின் தலையில் பத்து விநாடி ஸ்லீப் சேர்க்குமாறு ஓரிடத்தில் படித்துச் சேர்த்தேன், பலனில்லை. இயக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முனையவாசி எழுதியது:

வணக்கம் ஐயா. தீர்வைத் தேடுவதற்கு முன்பு, அந்த ஸ்கிரிப்ட் எந்த நேரத்தில், யாருடைய பெயரில், எந்தச் சூழலில் ஓடுகிறது என்ற மூன்றையும் கண்டுகொள்ள வேண்டும். டெர்மினலில் நீங்கள் இயக்கும்போது இந்த மூன்றும் உங்களுக்குச் சாதகமாக ஏற்கெனவே அமைந்துவிடுகின்றன: நீங்கள் உள்நுழைந்துவிட்டீர்கள், வரைகலைத் திரை இருக்கிறது, வலையிணைப்பு வந்துவிட்டது, உங்கள் புரொஃபைல் கோப்பு படிக்கப்பட்டு, கட்டளைகளை எந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறி நீண்டிருக்கிறது. கிரானுக்கு இவற்றுள் ஒன்றும் கிடையாது.

"ரீபூட்" குறியைப் பலர் "நான் உள்நுழையும்போது" என்று பொருள்கொள்கிறார்கள். அது கிரான் சேவை எழுந்த கணத்தைக் குறிக்கிறது. அப்போது உள்நுழைவுத் திரைகூட வந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. கிரான் கொடுக்கும் பாத் மாறியில் பொதுவாக யூஎஸ்ஆர் பின், பின் ஆகிய இரண்டு அடைவுகளே இருக்கும். பிப் மூலம் உங்கள் கணக்கில் நிறுவிய கருவி இல்ல அடைவுக்குள் இருக்கும் .லோக்கல் பின் அடைவில் இருப்பதால், கிரானுக்கு அது கண்ணில் படாது.

ஊகத்தை விட்டுவிட்டுச் சான்றைச் சேகரிப்போம். ஸ்கிரிப்டின் முதல் வரிக்கு அடுத்தபடியாக, எக்ஸெக் கட்டளையைக் கொண்டு வழக்கமான வெளியீட்டையும் பிழை வெளியீட்டையும் சேர்த்து இல்ல அடைவிலுள்ள ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். அதற்குக் கீழே டேட் (நேரம்), ஹூஅமை (பயனர் பெயர்), பிடபிள்யூடி (இருக்கும் அடைவு), என்வி (சூழல் மாறிகள்) ஆகிய நான்கு கட்டளைகளை எழுதுங்கள். ஸ்கிரிப்ட் தான் ஓடும் ஒவ்வொரு வரியையும் அச்சிட வேண்டுமானால் செட் கட்டளையைக் கழித்தல் எக்ஸ் தெரிவுடன் சேர்க்கலாம். லாக் கோப்பை டிஎம்பி அடைவில் வைக்க வேண்டாம். உபுண்டு வழிவந்த அமைப்புகளில் ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் அது துடைக்கப்படுவதால், நீங்கள் தேடும் சான்றும் சில வேளைகளில் அதோடு போய்விடும்.

கிரான்டேபில் எழுதிய வரியையும் அப்படியே இங்கே இடுங்கள்.

அச்சுக்கூடம் எழுதியது:

விரிவான மறுமொழிக்கு நன்றி. கூறியவாறே செய்தேன். கிரான்டேப் வரியில் ரீபூட் குறிக்குப் பின் "எஸ்எச்" என்று எழுதி, அதன்பின் ஸ்கிரிப்டின் முழுப் பாதையையும் கொடுத்திருக்கிறேன்.

லாக்கில் பயனர் பெயர் சரியாக இருக்கிறது. பாத் மாறியில் தாங்கள் சொன்ன இரண்டு அடைவுகள் மட்டுமே உள்ளன. வரைகலைத் திரையைச் சுட்டும் டிஸ்ப்ளே என்ற மாறியே இல்லை. அதன்பின் வந்த பிழைகள் வரிசையாக: "சோர்ஸ்: நாட் ஃபவுண்ட்", ஐபஸ் தொடர்பாகத் திரையுடன் இணைய முடியவில்லை என்ற செய்தி, எஸ்எஸ்எச் தரப்பிலிருந்து "நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்", கடைசியில் பிடிஎஃப் கருவிக்கும் "நாட் ஃபவுண்ட்".

சோர்ஸ் என்பது பாஷின் உள்கட்டளைதானே? ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

முனையவாசி எழுதியது:

அந்த முதல் வரியை யாரும் பார்க்கவில்லை. "எஸ்எச்" என்று முன்னால் எழுதிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், கோப்பை நேரடியாக எஸ்எச் வாங்கிப் படிக்கிறது. முதல் வரி அதற்கு வெறும் குறிப்புரைதான். மின்டுக்கு அடிப்படையான உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பு முதல் எஸ்எச் என்பது டாஷ் என்ற சிறிய ஷெல்லைச் சுட்டுகிறது. டாஷுக்குச் சோர்ஸ் தெரியாது, இரட்டைச் சதுர அடைப்புக்குறிச் சோதனைகளும் தெரியாது, அணிகளும் தெரியாது. தொடக்கம் வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காகவே அந்த மாற்றம் செய்யப்பட்டது. எஸ்எச் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஸ்கிரிப்டின் பாதையை மட்டும் எழுதினால் இந்தப் பிழை நீங்கும்.

மற்ற மூன்று பிழைகளும் வேறு வகையைச் சேர்ந்தவை. உங்கள் ஸ்கிரிப்டில் மூன்று வெவ்வேறு காலங்களுக்குரிய வேலைகள் ஒரே கோப்பில் அடைபட்டிருக்கின்றன. ஐபஸ் உங்கள் வரைகலை அமர்வுக்கு உரியது. உள்நுழைவுக்கு முன் அதற்குப் பொருளே இல்லை. நகலெடுப்பு வலையிணைப்பையும் உங்கள் எஸ்எஸ்எச் திறவுகோலையும் நம்பியிருக்கிறது. பிடிஎஃப் பிரிப்புக்குத் திரையும் வேண்டாம், வலையும் வேண்டாம். வட்டு இருந்தால் போதும். இவற்றைப் பிரிக்காமல் ஸ்லீப்பின் விநாடிகளை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. எத்தனை நேரம் காத்திருந்தாலும் கிரானுக்குள் டிஸ்ப்ளே மாறி தானாக முளைக்கப்போவதில்லை.

முதலில் ஐபஸ்ஸை ஸ்கிரிப்டிலிருந்தே நீக்கிவிடுங்கள். தமிழ் உள்ளீடு எல்லா நிரல்களிலும் வேலை செய்ய வேண்டுமானால், நிரல்களின் சாளரங்களை வரையும் ஜிடிகே, க்யூடி ஆகிய நிரலகங்களுக்கு எந்த உள்ளீட்டு முறை என்று சொல்லும் சூழல் மாறிகள், நிரல்கள் திறப்பதற்கு முன்பே அமர்வில் இருந்தாக வேண்டும். ஒரு ஸ்கிரிப்ட் ஏற்றுமதி செய்யும் மாறி அதற்கும் அது பெற்றெடுக்கும் நிரல்களுக்கும் மட்டுமே செல்லும். தன்னைப் பெற்ற அமர்வுக்கோ பக்கத்தில் ஓடும் லிப்ரேஆஃபிஸுக்கோ போகாது. அதனால்தான் "ஐபஸ் ஓடுகிறது, ஆனால் தமிழ் வரவில்லை" என்ற புகார் இவ்வளவு அடிக்கடி வருகிறது. மின்டின் அமைப்புகளில் உள்ளீட்டு முறைக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால், மாறிகளை வைப்பதையும் ஐபஸ்ஸை எழுப்புவதையும் அமர்வே பார்த்துக்கொள்ளும்.

எளியவழி எழுதியது:

முனையவாசி கூறுவதில் தவறில்லை என்றாலும், ஓர் அச்சகக் கணினிக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று கேட்க விரும்புகிறேன். மின்டில் தொடக்கப் பயன்பாடுகள் என்ற சாளரம் இருக்கிறது. அதில் ஸ்கிரிப்டைச் சேர்த்துத் தாமதம் என்ற இடத்தில் முப்பது விநாடி என்று எழுதினால், உள்நுழைந்த பிறகு, உங்கள் பெயரில், திரையும் வலையும் இருக்கும் நிலையில் அது ஓடும். கிரானை நீக்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இதுவும் வேண்டாமென்றால் கணினி தொடங்கும்போது ஓடும் பழைய ஆர்சி.லோக்கல் கோப்பு இருக்கவே இருக்கிறது. சேவைகளைத் தொடக்கி மேலாளும் சிஸ்டம்டி வருவதற்கு முன்பு நாங்கள் எல்லாவற்றையும் அதில்தான் போட்டோம், ஓடிக்கொண்டுதான் இருந்தது.

முனையவாசி எழுதியது:

தொடக்கப் பயன்பாடுகள் பற்றி எளியவழி கூறியதை ஏற்கிறேன். உள்நுழைவுக்குப் பின் நடக்க வேண்டிய வேலைக்கு அதுவே உரிய இடம், நகலெடுப்பை அங்கே கொண்டு போவது சரி. அந்தச் சாளரம், இல்ல அடைவிலுள்ள .கான்ஃபிக் அடைவுக்குள் ஆட்டோஸ்டார்ட் என்ற இடத்தில் .டெஸ்க்டாப் என்று முடியும் சிறு கோப்பு ஒன்றை எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பைக் கையால் திருத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதிலுள்ள எக்ஸெக் வரியை ஷெல் படிப்பதில்லை. ஆகவே இல்ல அடைவைக் குறிக்கும் அலைக்கோடும் ஹோம் மாறியும் அங்கே விரியாமல் எழுத்தாகவே நிற்கும். முழுப் பாதையை எழுத வேண்டும்.

தாமதத்தைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து. முப்பது விநாடி என்பது இன்றைய வேகத்துக்குப் போதும். ரௌட்டர் மெதுவாக எழும் ஒரு நாளில் போதாது. மற்ற நாள்களில் வீண். அதைவிட, எதற்காகக் காத்திருக்கிறோமோ அதையே ஸ்கிரிப்ட் கேட்கட்டும். உள்ளறைக் கணினியின் எஸ்எஸ்எச் வாயில் திறந்திருக்கிறதா என்று இரண்டு விநாடிக்கு ஒருமுறை சோதிக்கும் சுழல் ஒன்றை எழுதி, இரண்டு நிமிடம் கடந்தால் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறச் சொல்லுங்கள். அந்த மேல்வரம்பு இல்லாமல் விட்டால், மறுமுனைக் கணினி அணைந்திருக்கும் நாளில் ஸ்கிரிப்ட் முடிவின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆர்சி.லோக்கல் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. உபுண்டு 2015-இல் 15.04 பதிப்பில் சிஸ்டம்டிக்கு மாறிய பிறகு, அந்தக் கோப்பு பழைய பழக்கத்துக்காகவே தாங்கப்படுகிறது: கோப்பு இருந்து, அதற்கு இயக்கு அனுமதியும் இருந்தால் மட்டும் சிஸ்டம்டி அதற்கொரு சேவையை உருவாக்கிக்கொள்ளும், அனுமதி இல்லையென்றால் அது கண்டுகொள்ளப்படாமலே போய்விடும். அது ரூட் (கணினியின் நிர்வாகிக் கணக்கு) பெயரில் ஓடுவதால், அங்கிருந்து நகலெடுத்தால் கோப்புகள் ரூட்டின் உடைமையாகி, மறுநாள் உங்களால் அவற்றைத் திருத்த முடியாமல் போகலாம். ரூட்டிடம் உங்கள் எஸ்எஸ்எச் திறவுகோலும் கிடையாது.

அச்சுக்கூடம் எழுதியது:

ஐபஸ்ஸை அமைப்புகளில் மாற்றினேன். தமிழ்99 எல்லா நிரல்களிலும் வருகிறது. நகலெடுப்பைத் தொடக்கப் பயன்பாடுகளில் சேர்த்துச் சோதனைச் சுழலையும் எழுதினேன், அதுவும் நடக்கிறது.

ஒரு சந்தேகம். இதே நகலெடுப்பை வலையிணைப்பு வந்த பிறகு கிரான் வழியாக ஓடவிட்டுப் பார்த்தபோது "பெர்மிஷன் டினைட், பப்ளிக் கீ" என்ற பிழை வந்தது. அதே பயனர், அதே திறவுகோல்தானே?

முனையவாசி எழுதியது:

திறவுகோலுக்குக் கடவுத்தொடர் வைத்திருக்கிறீர்கள் என்று கருதுகிறேன். நீங்கள் உள்நுழையும்போது அமர்வின் திறவுகோல் காப்பாளர் அதைத் திறந்து நினைவில் வைத்துக்கொள்கிறது. எஸ்எஸ்எச், ஒரு சூழல் மாறியைப் பார்த்து அந்தக் காப்பாளர் இருக்குமிடத்தை அறிகிறது. கிரானில் அந்த மாறி இல்லாததால் பூட்டிய திறவுகோலே கையில் இருக்கும். கடவுத்தொடர் கேட்கவும் அங்கே ஆளில்லை. உள்நுழைவுக்குப் பின் ஓடவிடுவதே இதற்கு எளிய தீர்வு. ஆளில்லாமல் ஓட வேண்டிய நிலை வந்தால், கடவுத்தொடரில்லாத தனித் திறவுகோல் ஒன்றை உருவாக்கி, மறுமுனையில் அதற்கு அந்த ஒரு வேலைக்கு மட்டும் அனுமதி கொடுப்பது முறை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வைஃபை வழியாக இணைபவர்கள், இணைப்பின் கடவுச்சொல் எல்லாப் பயனர்களுக்கும் உரியதாகச் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பயனருக்கு மட்டும் என்று இருந்தால், அவர் உள்நுழையும் வரை வலையே வராது.

இருதளம் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் சிக்கலும் இதையொத்ததுதான். ஒரே கணினியில் விண்டோஸும் உபுண்டுவும் வைத்திருக்கிறேன். இரண்டிலிருந்தும் எடுக்க வசதியாக ஸ்கிரிப்டை விண்டோஸ் பக்கத்து என்டிஎஃப்எஸ் பகிர்வில் (விண்டோஸ் முறையிலான வட்டுப் பிரிவில்) வைத்து, உபுண்டுவின் தொடக்கப் பயன்பாடுகளில் சேர்த்திருக்கிறேன். உள்நுழைவின்போது அது ஓடுவதில்லை. கோப்பு மேலாளரில் அந்தப் பகிர்வைச் சொடுக்கித் திறந்த பிறகு இயக்கினாலும், சில நாள்களில் "பேட் இன்டர்பிரிட்டர்" என்ற பிழையும், வேறு சில நாள்களில் லாக்கில் எழுத முடியவில்லை என்ற பிழையும் வருகின்றன.

முனையவாசி எழுதியது:

உங்களுடையது மூன்று தனித்தனிச் சிக்கல்கள். முதலாவது, கோப்பு மேலாளரில் சொடுக்கும்போதுதான் அந்தப் பகிர்வு இணைக்கப்படுகிறது. அதற்கு முன்பு ஸ்கிரிப்டின் பாதையே கணினியில் இல்லை. தொடக்கத்தில் ஓடாததற்கு அதுவே காரணம்.

இரண்டாவது, விண்டோஸின் நோட்பேடில் புதிதாக எழுதிச் சேமிக்கும் கோப்பில் வரி முடிவில் ஒரு கூடுதல் எழுத்து ஒட்டிக்கொள்கிறது. முதல் வரியில் பாஷ் என்பதற்குப் பின்னால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் சேர்ந்துகொள்வதால், அப்படியொரு நிரல் இல்லை என்று கணினி சொல்கிறது. டாஸ்டுயூனிக்ஸ் என்ற கருவி கொண்டு அதை நீக்கலாம்.

மூன்றாவது சுவையானது. விண்டோஸ் 8 முதல் விரைவுத் தொடக்கம் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் கருப்பகுதி முழுமையாக அணையாமல் உறைநிலையில் வட்டில் எழுதப்படுகிறது. அந்நிலையில் உள்ள என்டிஎஃப்எஸ் பகிர்வை லினக்ஸ் பாதுகாப்புக்காகப் படிக்க மட்டும் இணைக்கும், அல்லது இணைக்கவே மறுக்கும். ரீஸ்டார்ட் கொடுத்து உபுண்டுவுக்கு வந்த நாளில் எழுத முடிந்ததும், ஷட் டவுன் செய்துவிட்டு வந்த நாளில் முடியாததும் இதனால்தான். விண்டோஸின் மின்சார அமைப்புகளில் அந்த வசதியை நிறுத்துங்கள். அதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், ஸ்கிரிப்டையும் லாக்கையும் உபுண்டுவின் இல்ல அடைவிலேயே வையுங்கள்.

இருதளம் எழுதியது:

விரைவுத் தொடக்கத்தை நிறுத்தி, ஸ்கிரிப்டை இல்ல அடைவுக்கு மாற்றினேன். மூன்றும் நீங்கின. நன்றி.

அச்சுக்கூடம் எழுதியது:

எனக்குப் பிடிஎஃப் பிரிப்பு மட்டும் மிச்சமிருக்கிறது. காலையில் கடை திறப்பவர் கணினியைப் போட்டுவிட்டு உள்நுழைவுத் திரையிலேயே விட்டுவிடுவார். நான் வர நேரமாகும். அதற்குள் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். கிரானிலேயே வைத்துப் பாத் மாறியை மட்டும் திருத்தலாமா, சிஸ்டம்டி சேவையாக மாற்ற வேண்டுமா?

முனையவாசி எழுதியது:

கிரானிலேயே வைக்கலாம், கருவியின் முழுப் பாதையை ஸ்கிரிப்டில் எழுதிவிட்டால் ஓடும். இல்ல அடைவு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் மட்டும் உள்நுழைவுக்கு முன் ஸ்கிரிப்டே கையில் கிடைக்காது. ஆனாலும் நான் சேவையையே பரிந்துரைப்பேன். காரணம், தவறு நேர்ந்தால் அது வாய் திறந்து சொல்லும். கிரான் தன் குறைகளை மின்னஞ்சலில் அனுப்பப் பார்க்கும், மேசைக் கணினியில் அஞ்சல் சேவை இல்லாததால் அவை காற்றில் போகும்.

ஈடிசி அடைவுக்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம் என்ற இடத்தில் .சர்வீஸ் என்று முடியும் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். சர்வீஸ் பகுதியில் டைப் என்பதற்கு ஒன்ஷாட் என்றும், யூசர் என்பதற்கு உங்கள் பயனர் பெயரையும், எக்ஸெக்ஸ்டார்ட் என்பதற்கு ஸ்கிரிப்டின் முழுப் பாதையையும் எழுதுங்கள். யூசர் வரியை விட்டால் வேலை ரூட் பெயரில் நடக்கும். இன்ஸ்டால் பகுதியில் வான்டட்பை என்பதற்கு மல்டிஹைஃபன்யூசர்.டார்கெட் என்று எழுதலாம். ஹைஃபன் என்பதை இணைப்புக்கோடாக இட வேண்டும். கோப்பைச் சேமித்ததும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையின் டீமன் ரீலோடு தெரிவை இயக்கி, பிறகு எனேபிள் கொடுங்கள். எனேபிள் என்பது அடுத்த தொடக்கத்துக்கான இணைப்பை மட்டுமே ஏற்படுத்தும். இப்போதே ஓட்டிப் பார்க்க ஸ்டார்ட் வேண்டும்.

ஸ்டேட்டஸ் கேட்டால் ஓர் எண் தெரியும். 203 என்றால் கோப்பையே இயக்க முடியவில்லை: பாதை தவறு, இயக்கு அனுமதி இல்லை, அல்லது இருதளத்துக்கு நேர்ந்ததுபோல் முதல் வரி கெட்டிருக்கிறது. 217 என்றால் யூசர் வரியிலுள்ள பெயர் தவறு. 127 என்றால் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியது, உள்ளே ஏதோ ஒரு கட்டளை கிடைக்கவில்லை; பெரும்பாலும் அது பாத் மாறியின் குறை. முழு வரலாறும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கிடைக்கும். பி தெரிவு இந்தத் தொடக்கத்தின் பதிவுகளை மட்டும் காட்டும்.

ஸ்கிரிப்டுக்குள் எந்தக் கட்டளையின் இறுதியிலும் பின்னணிக்கு அனுப்பும் குறியைப் போடாதீர்கள். ஒன்ஷாட் சேவையில் ஸ்கிரிப்ட் முடிந்ததும், அது பின்னணியில் விட்டுச்சென்ற நிரல்களைச் சிஸ்டம்டி நிறுத்திவிடும்.

அச்சுக்கூடம் எழுதியது:

சேவை முதலில் 127 காட்டியது. கருவியின் முழுப் பாதையை எழுதியதும் சரியானது. மறுதொடக்கம் செய்து பார்த்தேன், உள்நுழையாமலே கோப்புகள் பிரிந்திருந்தன. ஆனால் சில காலைகளில் மட்டும் பிரியாமல் கிடக்கின்றன. அந்த நாள்களில் ஜர்னலில் பிழையும் இல்லை, ஓடியதற்கான வரியும் இல்லை.

எளியவழி எழுதியது:

அந்தக் காலைகளில் அப்டைம் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். கணினி நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதாக அது சொன்னால், இரவில் யாரோ அணைக்காமல் உறக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உறக்கத்திலிருந்து எழுவது தொடக்கம் ஆகாது. சேவை, கிரானின் ரீபூட் குறி, ஆட்டோஸ்டார்ட் ஆகிய எதுவுமே அப்போது ஓடாது.

அச்சுக்கூடம் எழுதியது:

அதேதான். ஐந்து நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டுகிறது. எல்லோரிடமும் அணைக்கச் சொல்லலாம், ஆனால் நடக்காது.

முனையவாசி எழுதியது:

சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தேவை "தொடங்கும்போது" அன்று. "நாளுக்கு ஒருமுறை, காலையில்". சேவையின் அதே பெயரில் .டைமர் என்று முடியும் கோப்பு ஒன்றை அதே அடைவில் எழுதி, டைமர் பகுதியில் ஆன்காலண்டர் என்பதற்குக் காலை ஏழு மணியையும், பெர்சிஸ்டன்ட் என்பதற்கு ட்ரூ என்பதையும், இன்ஸ்டால் பகுதியில் வான்டட்பை என்பதற்கு டைமர்ஸ்.டார்கெட் என்பதையும் கொடுங்கள். ஏழு மணிக்குக் கணினி அணைந்திருந்தால் அடுத்துத் தொடங்கியதும் ஓடும். உறங்கிக்கொண்டிருந்தால் விழித்ததும் ஓடும். சேவையை டிஸேபிள் செய்துவிட்டு டைமரை மட்டும் நௌ தெரிவுடன் எனேபிள் செய்யுங்கள். இரண்டையும் விட்டுவைத்தால் கணினியை அணைத்துப் போடும் நாள்களில் பிரிப்பு இருமுறை நடக்கக்கூடும். அடுத்து எப்போது ஓடப்போகிறது என்பதைச் சிஸ்டம்சிடிஎல்லின் லிஸ்ட் டைமர்ஸ் தெரிவில் பார்த்துக்கொள்ளலாம்.